என் சகலையின் கணினி சூடாவதில்லை

உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கவலை. எனக்கு ஒன்றே ஒன்றுதான். என் சகலையின் மடிக்கணினி சூடாவதில்லை.

இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கினோம். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, ஒரே சாம்பல் நிறம். இரண்டு பெட்டிகளும் கடை மேசைமேல் ஒட்டிப் பிறந்தவை போல அக்கம்பக்கமாக இருந்தன. "அண்ணா, மூத்தவர் நீங்க, நீங்களே முதல்ல எடுங்க" என்று அவன் சொன்னான். நான் இரண்டையும் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, வலது பக்கத்துப் பெட்டியை எடுத்தேன். மிச்சமிருந்ததை அவன் எடுத்துக்கொண்டான். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. கணினி எனக்குத் தலைவிதியாக வந்திருந்தால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இதை நானே குலுக்கிப் பார்த்து எடுத்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தொழில் பல் டாக்டர். வீட்டில் எல்லோரும் அவனைப் பல் டாக்டர் என்றே கூப்பிடுவதால் அவன் பெயர் அவன் மனைவிக்கே மறந்திருக்கும். ஒரே கட்டடத்தில் நான் கீழே, அவன் மாடியில். என்னுடையது மடிக்கணினி, அவனுடையது மாடிக்கணினி. ஒரு கால் கூடிவிட்டால் எழுத்துக்கே இவ்வளவு மரியாதை வருகிறது.

எங்கள் மாமனாருக்கு இரண்டே மாப்பிள்ளைகள். அவர் ஓய்வுபெற்ற இலக்கண வாத்தியார். வாயில் இருப்பது முழுக்க பல் டாக்டர் கட்டிக்கொடுத்த பல் செட். ஆகவே மாமனார் எப்போது சிரித்தாலும் அவன் வேலைதான் சிரிக்கிறது. நானோ மீன் குளிர்பதனக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மாமனார் மீன் சாப்பிடுவதில்லை. எங்கள் போட்டி எந்த அழகில் இருந்தது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

குடும்பம் எங்கே கூடினாலும் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்குத்தான். பல் கழன்றால் உடனே மாட்டிவிட ஆள் வேண்டுமாம். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்து, அது கழலாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கழன்றதே கிடையாது. அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறான், பாவி.

இந்த நிலைமையில் மாமனாருக்குத் தொண்ணூறு வயது பூர்த்தியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரிய மாப்பிள்ளை, என் பழைய போட்டோவெல்லாம் சேர்த்து ஒரு படமாப் பண்ணுங்க. பிறந்தநாள் அன்னிக்குச் சுவத்துல போட்டுக் காட்டணும். படம் காட்டறவர் என் பக்கத்துல உக்காரட்டும்."

அவர் நாக்கால் பல் செட்டை ஒருமுறை சரி செய்துகொண்டார்.

"உங்களால முடியலைன்னா தயங்காம சொல்லிடுங்க. சின்னவர் இருக்காரு."

அன்றே வேலையைத் தொடங்கினேன். போட்டோக்களை வரிசையாக அடுக்கினேன். தொட்டில், பள்ளிக்கூடம், கல்லூரி வாசல், பிறகு சைக்கிள். அந்தச் சைக்கிள் போட்டோவில் மாமனாருக்கு முப்பது வயதிருக்கும். சுருட்டை முடி, மடித்துவிட்ட சட்டைக் கை, வாய் நிறையச் சிரிப்பு. அதற்கப்புறம் இன்னும் அறுபது வருடத்து மாமனார் பாக்கி. ஆனால் என் கணினி சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போக மறுத்தது. தொட்டிலில் லேசாகச் சுடும். பள்ளிக்கூடத்தில் உள்ளே இருக்கும் விசிறி முனகத் தொடங்கும். கல்லூரியில் அலறும். சைக்கிள் வந்ததும் திரை இருண்டு, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு அணைந்துவிடும்.

எவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். நான் கூட்டிச் சொல்கிறவன் இல்லை. என் மனைவி அதன்மேல் என் சட்டைக் காலரை இஸ்திரி போட்டாள், அவ்வளவுதான். விசிறிச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பைலட் பால்கனிக்கு வந்து வானத்தைப் பார்த்தார். மூன்றாவது நாளிலிருந்து சல்யூட் அடிக்கத் தொடங்கினார். தெருவில் யாருக்கும் வசப்படாமல் திரிந்த ஒரு மஞ்சள் பூனை தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்து கணினிக்குப் பின்னால் குடியேறியது. பல் டாக்டர் அந்தப் பூனையைப் பாலும் மீனும் வைத்து எத்தனையோ நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அது மாடி ஏறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஒருநாள் மாடிக்குப் போனேன். அவன் கணினி ஒரு சத்தமும் இல்லாமல், தூங்கும் குழந்தை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க அண்ணா."

தொட்டேன். என் கிடங்கில் இருந்த வஞ்சிர மீன் மாதிரி சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறி, தோள்வழியே போய், வயிற்றில் இறங்கித் தீயாக மாறியது.

"நானும் சும்மா ஒரு படம் பண்ணி வெச்சிருக்கேன் அண்ணா. ஸ்டெப்னி மாதிரி. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இருக்கட்டுமேன்னு."

"எனக்கு என்னப்பா ஆகும்?"

"உங்களுக்கில்ல அண்ணா, உங்க கம்ப்யூட்டருக்கு."

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். கீழே இறங்கி வந்து மனைவியிடம், நாளைக்கே கணினியைப் பழுது பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன்.

"பழுது பாக்கவா, இல்ல அவர் கம்ப்யூட்டரை மாதிரி ஆக்கவா?" என்றாள். இவளைக் கட்டிக்கொண்ட நாளாக இவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

நிறுவனத்தின் பழுதுபார்க்கும் இடத்துக்குப் பழுதுபார்க்கும் இடம் என்று பெயர் கிடையாது. கணினி நலவாழ்வு மையம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. குளிர் எனக்குப் புதிதில்லை. மீன்களை எந்தக் குளிரில் வைப்போமோ அந்தக் குளிரில் இங்கே வாடிக்கையாளர்களை வைத்திருந்தார்கள். நியாயம்தான். இரண்டுமே கெட்டுப்போகாமல் நெடுநாள் காத்திருக்க வேண்டியவை.

சுவரில் ஒரு பலகை. "பழுது, சூடு, கெட்டுப்போச்சு போன்ற சொற்களைத் தவிர்க்கவும். இங்கே மற்ற கணினிகளும் இருக்கின்றன."

வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் தங்கள் கணினியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குளிருக்கு. என் பக்கத்தில் இருந்தவர் முழுக் கம்பளி போர்த்தி மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"புதுசா சார்?" என்றார் மூக்கு.

"ஆமாங்க."

"முதல் தடவைக்கு ஸ்வெட்டர் போதும். போகப் போகக் கம்பளி வாங்கிக்கலாம்."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "வெப்ப ஆலோசகர்" என்ற அட்டையைச் சட்டையில் மாட்டிய ஓர் இளைஞர் என் கணினியை இரண்டு கையாலும் வாங்கி மெத்தைமேல் வைத்தார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"யாரு?"

"இவங்கதான்." கணினியைத் தடவிக்கொடுத்தார்.

"சூடாகுது தம்பி."

அவர் முகம் சுருங்கியது. பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெதுவெதுப்பா உணர்றாங்களா?" என்றார்.

"உணர்றது நான்தாம்பா. அது சும்மாதான் இருக்கு. நல்லாக் கொதிச்சு, அப்புறம் அணைஞ்சிடுது."

"ஓடவிட்டுப் பாப்போம் சார்."

படத்தை ஓடவிட்டோம். தொட்டில், பள்ளிக்கூடம், கல்லூரி, சைக்கிள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் நகர்ந்தது! மாமனாருக்குக் கல்யாணம் ஆயிற்று, முன்வழுக்கை விழுந்தது, என் மனைவி பிறந்தாள், மச்சினி பிறந்தாள், மாமனார் கண்ணாடி போட்டார், கைத்தடி பிடித்தார், தொண்ணூறை எட்டிக் கையாட்டினார். நானே செய்த படத்தின் முடிவை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தானே சார் இருக்காங்க?"

"தம்பி, இங்க குளிருதுப்பா! வீட்டுல ஓடலையே."

"அப்ப நீங்க வீட்டைத்தான் சார் சரி பண்ணணும்." அவர் அதை மிகவும் மரியாதையாகச் சொன்னார். "கம்ப்யூட்டர் நல்லா இருக்கு. அதைச் சுத்தி இருக்கறதுதான் எங்க தரத்துக்கு வரல."

"சரி, என் மாமனாரையும் சொந்தக்காரங்களையும் இங்க கூட்டிட்டு வந்து படம் காட்டலாமா?"

"தாராளமா. ஆளுக்கு ஒரு டோக்கன் எடுக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வர முடியாது, ஒருத்தர் ஒருத்தரா வந்து பாத்துட்டுப் போகலாம்."

பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல, "எங்க வெச்சு இவங்களை இயக்கறீங்க?" என்று கேட்டார்.

"மடியிலதான்."

ஆலோசகர் பின்னால் திரும்பி, "மடியில வெச்சிருக்கார்!" என்று கூவினார். அடுத்த மேசைகளிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து என் மடியைப் பார்த்தார்கள்.

"மடிக்கணினின்னுதானே பெட்டியில போட்டிருக்கு?" என்றேன்.

"அது மடக்கற மடி சார். நடுவுல மடங்குதுல்ல, அதனால மடி. அந்தச் சொல்லுக்கு எங்க நிறுவனம் அந்த ஒரு அர்த்தத்தைத்தான் அங்கீகரிச்சிருக்கு. நீங்களா வேற அர்த்தம் எடுத்துக்கிட்டா வாரண்டியில வராது."

"சரி, இனிமே மேசைமேல வெச்சுக்கறேன்."

"மேசைக்குன்னு தனியா மேசைக்கணினி இருக்கே சார். அது வேற பிரிவு, அவங்க வருத்தப்படுவாங்க."

"மடியிலயும் கூடாது, மேசையிலயும் கூடாது. அப்ப எங்கதான் தம்பி வைக்கிறது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பெட்டியிலயே வெச்சிருந்தா ரொம்ப நாள் வரும் சார்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த வேலையை நிறுத்தாமலே, "அங்க போய்ச் சூடு வரலைன்னா, இங்கிருந்தே சூட்டைக் கொண்டு போக வேண்டியதுதானே?" என்றாள்.

அப்படியே செய்தோம். படத்தை ஓடவிட்டு, கணினியை ஒரு போர்வையில் சுற்றி, அதன்மேல் இன்னொரு போர்வை சுற்றி, டாக்சியில் ஏறினேன். பாதி வழியில் டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"சார், பின்னாடி என்னமோ கருகற மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லப்பா, என் மாமனார் ஓடிக்கிட்டிருக்கார்."

அவர் அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்க்கவேயில்லை. வண்டியை மட்டும் வேகமாக ஓட்டினார்.

மையத்தில் நுழைந்து போர்வையைப் பிரித்தேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக் குளிர்காய்ந்தார்கள். கம்பளிக்காரர் முதன்முறையாகக் கம்பளியை விலக்கி, முழு முகத்தையும் காட்டினார்.

"என்னோடது கையை மட்டும்தான் சுடும் சார். இது முழங்கை வரைக்கும் வருது" என்று பெருமூச்சு விட்டார். "எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

என்னைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவது என் வாழ்வில் அதுவே முதல் தடவை. அந்த ருசி எப்படி இருக்கும் என்பது பல் டாக்டருக்குத் தினமும் தெரிந்திருக்கும் என்று நினைத்ததும் ருசி போய்விட்டது.

இந்த முறை என்னைத் தலைமை வெப்ப அதிகாரியிடமே அழைத்துப்போனார்கள். அவர் அறை கூடத்தைவிடக் குளிராக இருந்தது. பதவிக்கு ஏற்ற குளிர். அவர் கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டிருந்தார். கணினியை நோக்கி ஒரு கருவியை நீட்டினார். அது வீறிட்டுக் கத்தியது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"முதிர்வெதுவெதுப்பு."

"அப்படின்னா?"

"எங்களுக்கு மூணு நிலைதான் சார். இளவெதுவெதுப்பு, நடுவெதுவெதுப்பு, முதிர்வெதுவெதுப்பு. மூணுமே நல்ல நிலை."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல தீ. தீயணைப்புத் துறைகிட்ட சொல்லணும், அது எங்க துறை இல்ல."

அந்தக் கருவியை உறைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கூட்டத்தில் பேசுகிறவர் போல அவர் பேசத் தொடங்கினார்.

"சூடுங்கறது உயிருக்கு அடையாளம் சார். உங்களைத் தொட்டா சூடா இருக்கும். செத்தவனைத் தொட்டா? சொல்லுங்க. எங்க கம்ப்யூட்டர் உங்களுக்காக உழைக்குது. வேர்க்க வழியில்ல, அதனால சூடாகுது. அப்பப்ப அணைஞ்சு போகுதுன்னு சொல்றீங்க. நீங்க மத்தியானம் தூங்கறதில்லையா? எங்க மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து பழுதுன்னு ஒண்ணு இங்க வந்ததே இல்ல. எப்படி வரும்? வர்றதை எல்லாம் பழுது இல்லைன்னு எழுதிடறோம். தலைமையகத்துலேருந்து வருஷா வருஷம் எங்களுக்குப் பரிசு. சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தார். அவர் சரி பண்ணப் பண்ண, பழுது இருந்ததுன்னு ஆயிடுது பாருங்க. அவரை அனுப்பிட்டோம். அதுக்கப்புறம்தான் பரிசே வர ஆரம்பிச்சுது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. சைக்கிளும் நாற்காலியும் பல் செட்டும் கண்முன்னால் வந்து நின்றன.

"அதெல்லாம் சரி. அப்ப என் சகலையோடது மட்டும் ஏன்யா சூடாக மாட்டேங்குது?"

அதிகாரி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"அதே கடை, அதே நாள், அதே மாதிரி. நாள் முழுக்க ஓடினாலும் சில்லுனு இருக்கு."

"சத்தம்?"

"மூச்சுக்கூட விடாது."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் நடுங்கியது. அது குளிரால் இல்லை.

"பயிற்சியில படிச்சிருக்கோம் சார், கண்ணால பாத்ததில்ல. லட்சத்துல ஒண்ணு இப்படித் தொழிற்சாலையில எப்படியோ நல்லா அமைஞ்சு, யார் கண்ணுலயும் படாம வெளிய போயிடும். தயாரிப்புப் பிழை. அது ஒண்ணு ஊருக்குள்ள இருந்தா என்ன ஆகும் தெரியுமா? மத்தவங்க எல்லாம் அதைத் தொட்டுப் பாத்துட்டு இங்க வந்து கேள்வி கேப்பாங்க. நீங்களே வந்துட்டீங்களே!" கையைக் குவித்தார். "விலாசம் சொல்லுங்க சார்."

நான் ஒரு நிமிடம் தயங்கியதாக நினைக்க வேண்டாம்.

"மாடி. கதவுல பல் படம் வரைஞ்சிருக்கும்" என்றேன்.

மறுநாளே வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் மூன்று பேர் கையுறை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள். நான் சன்னலோரமாக நின்று, வரப்போகும் அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது சிரிப்பு.

"அண்ணா! மேல வாங்க அண்ணா! கம்பெனிலேருந்து வீட்டுக்கே வந்துட்டாங்க! நான் கேக்கவே இல்ல, அவங்களே வந்து பாத்துத் தர்றாங்களாம்!"

கணினியைப் பட்டுத் துணியில் பொதிந்து, ஒருவர் குடை பிடிக்க, இறக்கிக்கொண்டு போனார்கள். மழை இல்லை. பல் டாக்டர் கையில் ஒரு பூங்கொத்து. நான் என்னுடையதைப் பழைய போர்வையில் சுற்றி டாக்சியில் தூக்கிப்போனவன். என் மனைவி பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமக்கு ஒரு இலைகூடக் கொடுக்கலையே" என்றாள். எனக்குச் சகலை எப்படியோ, அவளுக்குத் தங்கை அப்படி.

மையத்துக்குப் போன் போட்டேன். "கொதிக்கற என்னோடதுக்கு வண்டி இல்ல, குளிர்ந்து கிடக்கற அவனோடதுக்கு வண்டியா?"

"உங்களோடது நல்லா இருக்கே சார்" என்று ஒரு பெண் குரல் என்னை வாழ்த்தியது.

பிறந்தநாளுக்கு முதல் நாள் அவன் கணினி திரும்பி வந்தது. கூடவே சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். அதை அவன் பல் பிடுங்கும் நாற்காலிக்கு எதிரே மாட்டினான். "அண்ணா, முன்னெல்லாம் ஊமையா இருந்தது. இப்ப லேசா முனகுது. உயிர் வந்த மாதிரி இருக்கு" என்று பூரித்துப்போனான். அவன் செய்த படத்தையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பழுதே ஆகாத ஒரு பொருளுக்கு வைத்தியம் நடந்து, பாராட்டும் வந்து, அதுவும் அவனுக்கே வந்திருந்தது.

பிறந்தநாள் அன்று மாமனார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. வெள்ளைச் சுவர். நடுவில் மாமனார். அவருக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. நான் அந்த நாற்காலியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

என் மனைவி தன் பங்குக்கு, கடையில் விற்கும் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கணினிக்கு அடியில் வைத்தாள். ஒரு விசிறியால் வீசவும் செய்தாள். படம் தொடங்கியது. தொட்டிலைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் முனகல் தொடங்கியது. கல்லூரியில் கூடம் முழுக்கப் பட்டாணி வேகும் வாசனை. பின்வரிசையில் யாரோ, "சாப்பாடு ரெடி போலிருக்கு" என்று எழுந்தே விட்டார்கள். சைக்கிள் வந்தது. முப்பது வயது மாமனார் சுவர் முழுக்க நின்று சிரித்தார். நகரு, நகரு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரு பெருமூச்சு. சுவர் இருண்டது.

மாமனார் இருட்டுச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"சின்னவரே."

பல் டாக்டர் எழுந்தான். எழுந்த விதத்திலேயே அவன் அந்தக் காலி நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டான். என்னை ஒதுக்கிவிட்டுத் தன் கணினியை வைத்தான். பொத்தானை அழுத்தினான். தொட்டில் வந்தது. அதன் கூடவே, ஒரு லாரி மேடேறுவது போன்ற ஓசையும் வந்தது. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். என் பட்டாணி மிச்சத்தை மனைவி அவசரமாக அவனிடம் நீட்டினாள். நல்ல மனசுதான். அதற்குள் படபடவென்று ஒரு சத்தம், மெல்லிய புகை, சுவரில் இருட்டு. மாமனார் தொட்டிலைவிட்டு இறங்கவேயில்லை.

பல் டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் நோயாளிகள் எப்படித் தெரிவார்கள் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

மாமனார் கையைக் காட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் மையத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். விலாசம் கொடுத்த கதையைச் சுருக்கத்தில் விட்டுவிட்டேன். மடி என்ற இடம் வந்ததும் அவருக்குள் இருந்த வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மடக்கறதுன்னு சொன்னானா? நீங்க தொடைன்னு நினைச்சீங்களா? ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாது. மடின்னா இன்னொரு அர்த்தம் இருக்கு. சாவு. மடிந்தான், மடிகிறான், மடிவான். வினைத்தொகை. மடிந்த கணினி, மடிகிற கணினி, மடியும் கணினி. மூணு காலத்துக்கும் பொருந்துது பாருங்க. பேர் வெச்சவன் உண்மையைத்தான் எழுதியிருக்கான், நீங்கதான் படிக்காம வாங்கிட்டீங்க."

கூடம் அதிர்ந்து சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. இருட்டுச் சுவரில் சைக்கிள் இருந்த இடத்தைக் காட்டினார்.

"பெரியவர் என்னை முப்பது வயசு வரைக்கும் வளர்த்துவிட்டார். சின்னவர் தொட்டில்லயே விட்டுட்டார். அந்தச் சைக்கிள் போட்டோல சிரிக்கறேனே, அது என் சொந்தப் பல்லு." நாக்கு பல் செட்டைத் தடவியது. "அடுத்த வருஷந்தான் முதல் பல்லு போச்சு. அதுக்கு முன்னாடி நிறுத்தினீங்க பாருங்க மாப்பிள்ளை, அதுதான் படம். வாங்க, இப்படி வந்து உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. இத்தனை வருடம் எதிர்வரிசையிலிருந்து பார்த்ததில் அது தெரியவில்லை. ஆனாலும் நான் அசையவில்லை. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவருக்கு என் பல்லைத் தெரியும், உங்களுக்குத்தான் என் சிரிப்பு தெரிஞ்சிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பல் டாக்டர் எதிர்வரிசையில் உட்கார்ந்து, ஏதாவது கழலாதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பேன்.

மறுநாள் காலை கணினிக்குப் பின்னால் பார்த்தேன். பூனையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரிமேல் இல்லை. மாடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, தேடாதீங்க, பூனை இங்க இருக்கு! நேத்து வந்ததுலேருந்து என் கம்ப்யூட்டருக்குப் பின்னாலயே படுத்திருக்கு. கூப்பிட்டாலும் வர மாட்டேங்குது. உங்களோடதைவிட இதுல சூடு கொஞ்சம் தூக்கல் போல!"

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். புகைந்ததெல்லாம் பூங்கொத்துக் கொடுத்த கம்பெனிக்கு ஒரு பொருட்டா? பொத்தானை அழுத்தியதும் அது மறுபடி எழுந்து கொதித்துக்கொண்டிருந்தது. பூனை நான்கு காலையும் பரப்பி, வயிற்றைக் காட்டி, உலகத்தை மறந்து கிடந்தது. என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அவன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

கீழே வந்து என் கணினியைத் தொட்டேன். சுட்டது. ஆனால் கையை எடுக்கும்படி சுடவில்லை. நடுவெதுவெதுப்பு, அதுவும் தாராளமாகச் சொன்னால்.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே நலவாழ்வு மையத்துக்குப் போனேன். கம்பளிக்காரர் மூக்கை மட்டும் நீட்டி, "மறுபடியும் என்ன சார்?" என்றார். நான் நிற்கவில்லை. வெப்ப ஆலோசகர் மெத்தையைத் தட்டிப் போட்டு, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"போதுமான அளவு சூடாகல தம்பி" என்றேன்.

மேசைகளில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். உள்ளறைக் கதவு திறந்து, கோட்டுக்குமேல் கோட்டுப் போட்ட அதிகாரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சார் சிரமப்பட்டு வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்போமே!"

கணினியோடு வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எந்த நேரமும் வரலாம். பல் டாக்டர் இன்னும் மாடியில் வெளியே வந்து நிற்கவில்லை. அவன் வந்து நிற்கும்வரை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைக்கும்படி போனில் சொல்லியிருக்கிறேன். குடையை மறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.